சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு...

மாதத்தின் 9-ம் தேதி என்றால் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகள் கூட்டம்தான். 2016-ல் தொடங்கிய பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின்படி, அன்று மருத்துவரே நேரடியாகப் பார்ப்பார். எடை, பிரஷர், ரத்தம், சிறுநீர் எல்லாம் சோதித்த பிறகு கையேட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பிரச்னை இல்லை என்றால் பச்சை. ஆபத்து அதிகமுள்ள கர்ப்பம் என்றால் சிவப்பு. கர்ப்பகால ரத்த அழுத்தத்துக்கு நீலம், சர்க்கரை, தைராய்டு போன்றவற்றுக்கு மஞ்சள் என்று தனி நிறங்களும் உண்டு.

அந்த ஸ்டிக்கர் ஒட்டப்படுவது செவிலியர்களுக்காகவும் மருத்துவர்களுக்காகவும். நூறு கையேடுகளுக்கு நடுவே இந்தப் பெண்ணைத் தவறவிட்டுவிடக் கூடாது, இவரை அடிக்கடி வரவழைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. ஆனால், கையேட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறும் பெண்ணுக்கு இதை யாரும் சொல்வதில்லை. அவருக்குத் தெரிவதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குப் பச்சை, தனக்குச் சிவப்பு. வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்கிறார், "ஏம்மா, சிவப்பு எதுக்கு ஒட்டியிருக்காங்க?" பதில் சொல்லத் தெரியாமல் அன்றைய இரவுத் தூக்கம் போகிறது.

தனியார் மருத்துவமனையிலும் கதை பெரிதாக மாறுவதில்லை. ஸ்டிக்கருக்குப் பதிலாக ஃபைலின் மேலே 'ஹை ரிஸ்க்' என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான்.

27 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். இவரைப் போன்றவரை எந்த மகப்பேறு மருத்துவமனை வரிசையிலும் பார்க்க முடியும். இது இரண்டாவது கர்ப்பம். முதல் குழந்தை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துவிட்டது. இப்போது 22 வாரம். பிரஷர் 146/94. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, "வாரா வாரம் வந்து பிரஷர் பார்த்துக்கோம்மா, டென்ஷன் ஆகாதே" என்கிறார். வெளியே வந்ததும் கணவர், "டாக்டரே சொல்லிட்டாங்கல்ல, பயப்படாதே" என்கிறார். போனில் அம்மா, "நீ பயந்தா குழந்தைக்கு ஆகாதுடி" என்கிறார். மூவருமே அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால், ஏற்கெனவே ஒரு குழந்தையைப் பறிகொடுத்தவரிடம் பயப்படாதே என்றால், அவர் பயப்படுவதை நிறுத்த மாட்டார். வெளியே சொல்வதை நிறுத்திவிடுவார்.

அம்மா சொன்னதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இதுவரை அந்தப் பெண்ணுக்குக் குழந்தையைப் பற்றிய பயம் ஒன்றுதான் இருந்தது. இப்போது, தான் பயப்படுவதே குழந்தையைப் பாதிக்குமோ என்ற இரண்டாவது பயமும் சேர்ந்துவிட்டது. ஒரு நாள் அழுததாலோ, ஓர் இரவு தூங்காததாலோ வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது. வாரக்கணக்கில் நீடிக்கும் கடுமையான மனப்பதற்றத்துக்கும், குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகியவற்றுக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்வது உண்மைதான். அதனால்தான் அதற்கு உதவி தேட வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். அதைச் சொல்லி மிரட்டினால் பதற்றம் குறையவா போகிறது?

கேட்பதில் தொடங்கும் வேலை

மனநல ஆலோசனை என்றதும் பலர் நினைப்பது அறிவுரையை. நல்ல ஆலோசகர் முதல் சந்திப்பில் பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். அவர் கேட்கும் முதல் கேள்வியே, "டாக்டர் என்ன சொன்னாங்க, நீங்க என்ன புரிஞ்சுக்கிட்டீங்க?" என்பதாக இருக்கும். இந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பயத்தின் வேர் தெரிந்துவிடும்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் 'நஞ்சு கீழே இருக்கு' என்று சொல்கிறார்கள். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில், வாய்க்கு அருகே ஒட்டியிருக்கிறது என்பதுதான் பொருள். மருத்துவமனைச் சூழலில் பழக்கமில்லாத ஒருவரின் காதில் 'நஞ்சு' என்ற சொல் எப்படி விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. உண்மையில், கர்ப்பப்பை விரியும்போது அந்த நஞ்சுக்கொடியும் வாயைவிட்டு விலகி மேலே போய்விடுவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது. அதனால்தான் எட்டாம் மாதத்தையொட்டி இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். அதுவரை ரத்தப்போக்கு இருந்தால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். தாம்பத்தியம் பற்றியும் பயணம் பற்றியும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த நான்கு வாக்கியங்களை யாராவது நிதானமாகச் சொல்லியிருந்தால் மூன்று மாதத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

கர்ப்பகாலச் சர்க்கரையும் அப்படித்தான். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். 140 மில்லிகிராமைத் தொட்டால் சர்க்கரை இருக்கிறது என்று அர்த்தம். 'இனி ஆயுசுக்கும் ஊசியா?' என்று அங்கேயே ஒரு பெண் கலங்கிப்போவார். உணவுக் கட்டுப்பாட்டிலும் நடைப்பயிற்சியிலுமே பலருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிடுகிறது. பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்கு இயல்புக்குத் திரும்பியும்விடுகிறது. பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதையும் ஆலோசகர் மறைக்க மாட்டார். பாதியைச் சொல்லி மீதியை மறைத்தால், அந்த மீதியை யூடியூப் சொல்லிவிடும். அதுவும் பின்னணி இசையோடு.

"நான் என்ன தப்பு பண்ணேன்?"

கர்ப்பத்தில் சிக்கல் என்றதும் தமிழ் வீடுகளில் காரணம் தேடும் படலம் தொடங்கிவிடும். கிரகணத்தன்று வெளியே போனாள், ஸ்கூட்டரில் போனாள், தண்ணிக்குடம் தூக்கினாள், வேலையை விடவில்லை, புருஷனோடு சண்டை போட்டாள், அழுதுகொண்டே இருந்தாள். குற்றம் சாட்டுபவர் எப்போதும் மாமியாராகத்தான் இருப்பார் என்றில்லை. பெரும்பாலும் அந்தப் பெண்ணேதான் தன் மேல் முதல் குற்றச்சாட்டை வைக்கிறார்.

20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-க்கு மேல் போய், சிறுநீரில் புரதம் வெளியேறுவதோ, கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகளில் பாதிப்போ சேர்ந்தால் அதற்கு ப்ரீஎக்ளாம்ப்சியா என்று பெயர். கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் நஞ்சுக்கொடி கர்ப்பப்பையோடு இணையும்போது, அங்குள்ள ரத்தக்குழாய்கள் போதிய அளவு விரிவதில்லை. பலருக்குப் பிரச்னை தொடங்குவது அங்கேதான். பல பெண்களுக்கு, கர்ப்பம் உறுதியானதைச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி முடிப்பதற்குள் அந்த வேலை உள்ளே நடந்துகொண்டிருக்கும். சண்டைக்கும் குடத்துக்கும் அதில் பங்கில்லை. முதல் குழந்தையை இழந்த அந்த 27 வயதுப் பெண்ணுக்கு, பிரஷர் மாத்திரைக்கு அடுத்தபடியாகத் தேவைப்படுவது இந்த விளக்கம். ஒருமுறை சொன்னால் போதாது. துணைக்கு வந்திருக்கும் மாமியாரையும் உள்ளே உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

தலைவலியா, டென்ஷனா?

ஆலோசனை பற்றிப் பேசும்போது அதன் எதிர்ப்பக்கத்தையும் சொல்லியே ஆக வேண்டும். பதற்றமான கர்ப்பிணி என்று ஒருவருக்குப் பெயர் வந்துவிட்டால், அவர் எதைச் சொன்னாலும் 'டென்ஷன்' என்று ஒதுக்கிவிடும் பழக்கம் வீட்டிலும் இருக்கிறது, சில மருத்துவமனைகளிலும் இருக்கிறது. இது உயிரோடு விளையாடும் பழக்கம்.

விடாத தலைவலி, கண் மங்குதல் அல்லது கண்முன் பூச்சி பறப்பதுபோலத் தெரிதல், மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல் ஆகியவை ப்ரீஎக்ளாம்ப்சியா முற்றுகிறது என்பதற்கான அடையாளங்களாக இருக்கலாம். அடுத்த கட்டம் வலிப்பு. மூச்சு வாங்குவதும் படபடப்பும் மனப்பதற்றத்தில் வரும். ரத்தசோகையிலும் வரும், இதயக் கோளாறிலும் வரும், தைராய்டிலும் வரும். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் போய்க் காட்ட வேண்டும். போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தால் ஆட்டோ காசோடு போகும்.

உடலைச் சோதித்துவிட்டுத்தான் மனதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது நல்ல ஆலோசகர் மீறாத விதி. அவரே பிரஷர் பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பினால், அது அலட்சியம் ஆகாது.

பயத்துக்கு ஒரு கால்மணி நேரம்

அடுத்தடுத்த சந்திப்புகளில் நடப்பவை வெளியிலிருந்து பார்த்தால் ரொம்பச் சாதாரணமாக இருக்கும். ஒரு தாளை எடுத்து, எதற்கெல்லாம் பயம் என்று எழுதச் சொல்வார்கள். 'ஏதோ ஆகிடும்னு பயமா இருக்கு' என்பது மெல்ல மெல்லத் தெளிவான வடிவத்துக்கு வரும். ராத்திரி வலி வந்தால் வண்டி கிடைக்குமா? சிசேரியன் என்றால் எவ்வளவு செலவாகும்? மூத்த பிள்ளையை யார் பார்ப்பார்கள்? போன முறைபோலவே ஸ்கேன் அறையில் டாக்டர் பேசாமல் இருந்துவிட்டால்?

இவற்றில் முதல் மூன்றுக்கும் பதில் உண்டு. 108-ஐ அழைக்கலாம், அதோடு தெருவில் வண்டி வைத்திருக்கும் இருவரின் எண்ணையும் இப்போதே வாங்கி வைக்கலாம். அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், பச்சிளம் குழந்தைக்கான சிகிச்சை ஆகியவை 2011-ல் வந்த தாய் சேய் நலத் திட்டத்தின்கீழ் இலவசம். மூத்த பிள்ளைக்குச் சித்தியா, பாட்டியா என்று இன்றே பேசி முடிக்கலாம். நான்காவதற்கு யாரிடமும் பதில் இல்லை. அதற்குப் பதில் இருப்பதுபோல நடிப்பதும் தவறு. அந்தப் பயத்தோடு அந்தப் பெண் தனியாக ஸ்கேன் அறைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே, "போன தடவை இவங்களுக்கு இப்படி ஆகிடுச்சு, முதல்ல ஹார்ட் பீட்டைச் சொல்லிடுங்க" என்று கேட்டுக்கொள்ளலாம். பெரும்பாலானவர்கள் மறுக்க மாட்டார்கள்.

நாள் முழுக்க மனதில் ஓடும் கவலைக்கு நேரம் ஒதுக்கித் தருவது இன்னொரு முறை. மாலை ஐந்தரை முதல் ஐந்தே முக்கால் வரை கவலைப்படலாம், எழுதலாம், அழலாம். மற்ற நேரத்தில் கவலை வந்தால், 'ஐந்தரைக்குப் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட வேண்டும். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால், மனப்பதற்றத்துக்கான சிகிச்சையில் நெடுநாளாகப் பயன்பட்டுவரும் பயிற்சி இது. படுக்கைக்குப் போகும் நேரத்தில் மட்டும் அதை வைத்துக்கொள்ளக் கூடாது.

மூச்சுப் பயிற்சியும் உண்டு. இயல்பாக மூச்சை இழுத்து, அதைவிடக் கொஞ்சம் நீளமாக விட வேண்டும். ஐந்து நிமிடம் போதும். பிரஷர் இருப்பவர்கள் மூச்சை அடக்கிப் பிடிக்கும் பயிற்சிகளைத் தவிர்ப்பது நல்லது. செல்போன் விஷயத்திலும் ஓர் ஒப்பந்தம் போடுவார்கள்: இரவு ஒன்பதுக்கு மேல் அறிகுறிகளைத் தேடுவதில்லை, சந்தேகத்தை நோட்டில் எழுதிவைத்து அடுத்த முறை டாக்டரிடம் கேட்பது.

கட்டாயப் படுக்கை பற்றியும் பேச வேண்டியிருக்கும். சிக்கல் என்றாலே படுத்தே இருக்க வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்துவிடுகிறார்கள். முழுநேரப் படுக்கை ஓய்வு குறைமாதப் பிரசவத்தையோ, ப்ரீஎக்ளாம்ப்சியாவையோ தடுப்பதாக ஆதாரம் இல்லை. கால் நரம்புகளில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடுகிறது. மனதுக்கும் நல்லதில்லை. உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவருக்கு வேறென்ன நினைப்பு வரும்? எவ்வளவு ஓய்வு, எவ்வளவு நடமாட்டம் என்பதை டாக்டரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு

ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டுக்குப் போவது வழக்கம். மனதுக்கு அதைவிடப் பெரிய மருந்து இல்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால், சிக்கல் உள்ள கர்ப்பத்தில் பிரஷரும் சர்க்கரையும் ஏறக்கூடிய அந்த நேரத்தில்தான் ஊர் மாறுகிறது, மருத்துவமனை மாறுகிறது, டாக்டர் மாறுகிறார். புது டாக்டர் முதலிலிருந்து கேட்கிறார், பழைய ரிப்போர்ட் ஒன்று புகுந்த வீட்டு அலமாரியில் மாட்டிக்கொள்கிறது. பதற்றம் கூடுவது இங்கேதான். போவதற்கு முன்பே அம்மா ஊரில் எந்த மருத்துவமனை, அங்கே சிசேரியனும் ரத்த வங்கியும் பச்சிளம் குழந்தைப் பிரிவும் உண்டா என்று விசாரித்து, ஒருமுறை போய்ப் பதிவுசெய்துவிட்டு வருவது நல்லது. கையேடு, ஸ்கேன் ரிப்போர்ட், பிக்மி எண், மாத்திரைச் சீட்டு எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். இரண்டு ஊர் கிராம சுகாதார செவிலியர்களின் போன் எண்களும் அதில் இருக்கட்டும்.

பிரசவ அறைக்குள் துணைக்கு ஒருவரை அனுமதிக்கும் முறையைத் தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகள் 2004-லேயே கொண்டுவந்தன. அம்மாவோ, அக்காவோ, மாமியாரோ உடன் இருக்கலாம். இது தெரியாமல், 'உள்ளே தனியா இருக்கணுமே' என்று எட்டு மாதமும் பயந்துகொண்டிருக்கும் பெண்கள் உண்டு. யார் வருவது என்பதை அந்தப் பெண்ணே சொல்ல வேண்டும். சித்தி வந்தால்தான் தைரியம் என்றால் சித்தியே வரட்டும், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை.

யாரிடம் போவது?

புறநோயாளிகள் பிரிவில் ஒரு டாக்டருக்கு ஒருவரோடு பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். எல்லா மகப்பேறு மருத்துவமனையிலும் மனநல ஆலோசகர் இருப்பதும் இல்லை. ஆனால், இந்த வேலைக்கு மனநல மருத்துவர்தான் வேண்டும் என்றில்லை. பாகிஸ்தானில் கிராம சுகாதாரப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுள்ள கர்ப்பிணிகளின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். அதில் நல்ல பலன் கிடைத்தது என்று 2008-ல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த முறையை உலக சுகாதார நிறுவனம் கையேடாகவே வெளியிட்டிருக்கிறது. பின்னர் ராவல்பிண்டி மருத்துவமனை ஒன்றில், மனப்பதற்றம் உள்ள கர்ப்பிணிகளுக்குப் பயிற்சி பெற்ற இளம் பட்டதாரிகள் ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். பிரசவத்துக்குப் பிறகு பதற்றமும் மனச்சோர்வும் அந்தப் பெண்களிடம் குறைவாக இருந்ததாக 2024-ல் முடிவு வெளியானது. நம் ஊரில் வாசல்வரை வரும் நர்சம்மாவுக்கு இந்தப் பயிற்சியும், அதற்கான நேரமும் கிடைத்தால் எவ்வளவோ நடக்கும். இப்போது அவர்களுக்கு ரிஜிஸ்டர் எழுதவே பொழுது போதவில்லை.

இன்றைக்குக் கையில் இருப்பவை இவை: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று 1987 முதல் உலகெங்கும் பயன்படுகிறது, தமிழிலும் இருக்கிறது. கடந்த 7 நாள்களில் மனநிலை எப்படி இருந்தது என்று கேட்கும். நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை இல்லை இது, யாருக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும். பத்தாவது கேள்வி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு 'ஆமாம்' என்ற பதில் வந்தால் மற்ற ஒன்பதையும் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அந்தப் பெண்ணைத் தனியாக விடாமல், அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், செக்கப்புக்கே போகப் பயந்தால், மூச்சடைத்து உயிர் போவதுபோன்ற பதற்றம் திரும்பத் திரும்ப வந்தால் ஆலோசனை மட்டும் போதாமல் போகலாம். கர்ப்பகாலத்தில் எழுதிக்கொடுக்கக்கூடிய மனநல மருந்துகள் உண்டு. நன்மை, தீமையை எடைபோட்டு மகப்பேறு மருத்துவரும் மனநல மருத்துவரும் சேர்ந்து முடிவெடுப்பார்கள். ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் கர்ப்பம் தெரிந்ததும் தாங்களாகவே சட்டென நிறுத்துவதுதான் ஆபத்து. நிறுத்தச் சொல்லும் சொந்தக்காரர்களுக்கு அதன் விளைவு தெரியாது.

பிரசவத்தோடு எல்லாம் முடிந்தது என்று குடும்பம் மூச்சுவிடும்போது இன்னொரு ஆறு வாரம் பாக்கி இருக்கிறது. ப்ரீஎக்ளாம்ப்சியா பிரசவத்துக்குப் பிறகும் வரலாம், அந்தத் தலைவலியும் கண் மங்கலும் அப்போதும் அதே அவசரம்தான். சர்க்கரை இருந்தவர்கள் ஆறாவது வாரத்தையொட்டி மறுபடி சோதித்துக்கொள்ள வேண்டும். குழந்தை இன்குபேட்டரில் இருக்க, வெறும் கையோடு வார்டில் படுத்திருக்கும் தாயிடம்தான் மனச்சோர்வு சத்தமில்லாமல் வரும். ஒரு நாளைக்கு ஒருமுறையாவது அவரைக் குழந்தையிடம் அழைத்துப்போய்த் தொடவிடச் சொல்லிக் கேட்பது கணவர் செய்யக்கூடிய வேலை.

டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரப்படுத்துவதும் அவர் வேலைதான். ஒருமுறை ப்ரீஎக்ளாம்ப்சியா வந்தவர்களுக்கு அடுத்த கர்ப்பத்தில் 12 முதல் 16 வாரத்துக்குள் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கினால், அது மறுபடி வரும் வாய்ப்பு குறைகிறது. அந்தக் காகிதத்தில் இருப்பதை முதல் செக்கப்பிலேயே டாக்டர் படித்தால்தான் அது நடக்கும். ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே அதுவும் இருக்கட்டும்.